உங்கள் தெருவின் தண்ணீருக்கும் வெயிலுக்கும் மார்க் போடுவது எப்படி?

மத்திய அரசு 2018-இல் எந்த ஊரில் வாழ்வது எளிது என்று 111 நகரங்களை வரிசைப்படுத்தியது. அதில் நம் தருமபுரி இல்லை. இருந்திருந்தாலும் ஊருக்கு ஒரே எண்தான் கிடைத்திருக்கும். இங்குள்ள குமாரசாமிப்பேட்டைக்கும் பென்னாகரம் ரோட்டுக்கும் ஒரே மார்க் போட்டால் யாருக்கு என்ன பயன்? நம் தெருவை நாமே அளந்துவிடலாம். ஒரு நோட்டு, சுவரில் மாட்டும் தெர்மாமீட்டர், கைபேசி இருந்தால் போதும்.

படி 1: எவ்வளவு தண்ணீர் வருகிறது?

ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றி, உங்கள் குடம் எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று முதலில் பாருங்கள். அப்புறம் ஒரு முறை தண்ணீர் விடும்போது எத்தனை குடம், எத்தனை டிரம் நிரம்புகிறது என்று எழுதுங்கள். நான்கு நாளுக்கு ஒருமுறை 800 லிட்டர், வீட்டில் நான்கு பேர் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு அரசின் அளவுகோல் 135 லிட்டர். 50-ஐ 135-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 37 மார்க்.

படி 2: அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது?

நம் மாவட்டத்தில் அதிகக் கவனம் வேண்டிய இடம் இதுதான். இங்கே பாறை நிலம். பாறையிலுள்ள ஃபுளோரைடு கரைந்து போர் தண்ணீரில் கலக்கிறது. பல் முளைக்கும் வயதில் அதைக் குடித்து வளரும் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். 2013-இல் அது தொடங்கி வைக்கப்பட்டது.

ஃபுளோரைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். கடையில் விற்கும் டிடிஎஸ் மீட்டரை நம்பாதீர்கள். அது தண்ணீரில் கரைந்த எல்லாவற்றையும் மொத்தமாகக் காட்டுமே தவிர, ஃபுளோரைடைத் தனியாகச் சொல்லாது.

ஆகவே பரிசோதனைக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கேளுங்கள். மாதிரி எடுக்கச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில் வேண்டும், கண்ணாடி வேண்டாம். குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். பல வீடுகளில் மாடித் தொட்டியில் போர் தண்ணீரும் ஒகேனக்கல் தண்ணீரும் ஒன்றாகக் கலக்கின்றன. அதனால் குடிக்கப் பிடிக்கும் குழாயில்தான் மாதிரி எடுக்க வேண்டும்.

இந்தியத் தர நிர்ணயப்படி ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை. 1-க்குள் இருந்தால் 100 மார்க், 1.25 என்றால் 50, 1.5-ஐத் தொட்டால் 5. கறாராகத்தான் போடுகிறேன், குழந்தைகள் குடிக்கும் தண்ணீர் இது.

படி 3: வெப்பம்

ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தருமபுரி ஏறக்குறைய அதில் பாதி. எனவே பக்கத்து ஊர்க் கணக்கு உதவாது. ஏப்ரல், மே மாதங்களில் இரவு பத்து மணிக்கு வீட்டுக்குள் எத்தனை டிகிரி என்று ஒரு வாரம் குறித்து, சராசரி எடுங்கள். தகர ஷீட் வீடு, மாடி வீடு, ஓட்டு வீடு மூன்றிலும் எடுத்தால் நல்லது. 26 அல்லது அதற்குக் கீழே 100 மார்க், 36 அல்லது அதற்கு மேலே 5 (பூஜ்யம் போட்டால் படி 4-இல் பெருக்கும்போது மொத்தமும் பூஜ்யமாகிவிடும்). இடையில் டிகிரிக்குப் பத்து மார்க் குறையுங்கள். இந்த எல்லைகள் நானே வைத்தவை.

படி 4: மூன்றையும் சேர்ப்பது

கூட்டி மூன்றால் வகுக்காதீர்கள். ஒரு தெருவுக்கு 37, 5, 80. இன்னொன்றுக்கு 40, 42, 40. சராசரி எடுத்தால் இரண்டுக்கும் 41 வரும். முதல் தெருவில் காற்று குளுமையாக இருப்பதால் கெட்ட தண்ணீர் கணக்கில் மறைந்துபோகிறது. குளுமையான ராத்திரி, பிள்ளையின் பல்லுக்கு ஈடாகாது.

மூன்றையும் பெருக்கி, கனமூலம் எடுங்கள். எக்செலில் ஜியோமீன் (GEOMEAN) என்ற சூத்திரம் இதைச் செய்யும். ஐ.நா.வின் மனித வளர்ச்சிக் குறியீடும் 2010 முதல் இந்தப் பெருக்கல் முறைக்கு மாறிவிட்டது. இப்போது முதல் தெருவுக்கு 25, இரண்டாவதற்கு 41.

மே மாதம் ஒரு தடவை, மழை முடிந்து டிசம்பரில் ஒரு தடவை தண்ணீரை எடுத்துப் பாருங்கள். மூன்று மார்க்கையும் தனித்தனியாகவும் எழுதி, ஆய்வக அறிக்கையின் நகலோடு வார்டு கவுன்சிலரிடம் கொடுங்கள்.