தச்சுப் பட்டறைக்கு நகரும் சாணை மேசை: தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை

தேக்கு மரத்தில் இயல்பாகவே சிலிக்கா இருப்பதால், அதில் வேலை செய்யும் உளியும் இழைப்புளியும் விரைவில் மழுங்குகின்றன. பிளைவுட்டில் உள்ள பசையும் அவற்றின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, தேய்த்துவிடுகிறது. சாணைக்கல் ஓரிடத்திலும் எண்ணெய் வேறோர் இடத்திலும் கிடக்கும் பட்டறையில், வேலையின் நடுவே உளி மழுங்கினால் பலரும் சாணை பிடிக்கப் போவதில்லை. கொட்டாப்புளியால் (மரச்சுத்தியலால்) இன்னும் ஓங்கி அடிக்கிறார்கள். மரம் பிளப்பதும் உளி வழுக்கிக் கையைக் கிழிப்பதும் பெரும்பாலும் அப்போதுதான் நேர்கின்றன. எனவே, வேலை நடக்கும் இடத்துக்கே உருட்டிச் செல்லக்கூடிய சாணை மேசை ஒன்றைச் செய்துகொள்வது, புதிதாக ஓர் இயந்திரம் வாங்குவதைவிடப் பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

சக்கரமும் சட்டமும்

நான்கு மூலைகளிலும் பிரேக் வைத்த சுழல் சக்கரங்களைப் பொருத்தலாம் என்றுதான் முதலில் தோன்றும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கல்லின் மேல் உளியை அழுத்தித் தள்ளும்போது, பிரேக் போட்டிருந்தாலும் சக்கரத்தின் சுழலும் தலையில் உள்ள இளக்கம் மேசையை ஆட்டும். மேசை ஆடினால் உளியின் கோணம் மாறும். கோணம் மாறினால் வாய் கூராகாமல் உருண்டுவிடும்.

ஆகவே மேசை தன் நான்கு கால்களில் நிற்க வேண்டும். தூக்கும்போது மட்டும் சக்கரம் தரையைத் தொட வேண்டும். 900 மி.மீ. நீளம், 450 மி.மீ. அகலம் என்ற அளவுக்கு, 50 மி.மீ. சதுரக் கால்களை வெட்டிக்கொள்ளுங்கள். பழைய வீட்டின் நிலைச் சட்டம் கிடைத்தால் நல்லது. அது நன்கு காய்ந்திருக்கும், முறுக்கிக்கொள்ளாது. குறுக்குச் சட்டங்களைக் கழுந்து மூட்டால், அதாவது சட்டத்தின் முனையைச் செதுக்கிக் காலில் வெட்டிய துளைக்குள் செருகி, இணைக்கலாம். அது பழகாதவர்கள் 8 மி.மீ. போல்ட்டும் வாஷரும் போட்டு முடுக்கினால் போதும். அதன்பின் மூன்று பக்கங்களிலும் 12 மி.மீ. பிளைவுட்டைத் திருகாணியால் அடைத்துவிடுங்கள். ஆட்டத்தை நிறுத்துவது முக்கியமாக இந்த அடைப்புத்தான்.

திரும்பாத வகைச் சக்கரங்கள் இரண்டை, 100 மி.மீ. விட்டத்தில், ஒரு முனையிலுள்ள கால்களின் வெளிப்புறத்தில் கட்டை கொடுத்துப் பொருத்துங்கள். மேசை நிற்கும்போது சக்கரத்துக்கும் தரைக்கும் இடையே 3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். எதிர்முனையில் கைப்பிடி வைத்துச் சற்றே தூக்கினால், எடை சக்கரத்துக்கு மாறி மேசை உருளும். கீழ்த்தட்டில், சக்கரம் இருக்கும் பக்கமாகச் செங்கற்களை அடுக்குங்கள். மேசை கனத்து நிற்கும், தூக்குபவருக்கும் பாரம் தெரியாது. பட்டறைத் தரை மேடுபள்ளமாக இருந்தால், ஒரு காலின் அடியில் மட்டும் ஒரு போல்ட்டை ஏற்றி இறக்கும்படி வைத்துச் சமன் செய்யலாம்.

மேல்பலகை

கையைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்றால் மணிக்கட்டு வரும் உயரமே மேல்பலகைக்கு ஏற்றது. பெரும்பாலோருக்கு அது 800 முதல் 850 மி.மீ. வரை இருக்கும். 18 மி.மீ. மரைன் பிளைவுட்டின் மேல் சன்மைக்கா ஒட்டி, கல் இருக்கும் பகுதியைச் சுற்றி மெல்லிய ரீப்பர் (மரப்பட்டி) அடித்தால், கறுத்த சாணைச் சேறு தரைக்கு வழியாது. கல்லைப் பிடித்து நிறுத்த, அதன் இரு முனைகளிலும் ரீப்பர் அடித்து, ஒரு முனையில் சிறிய ஆப்பைச் செருகுங்கள். தேய்ந்த கல்லும் இதில் அசையாமல் நிற்கும். ஆப்பைத் தட்டினால் கல் கையோடு வந்துவிடும்.

கிரைண்டரைச் சக்கரப் பக்கத்தில், 200 மி.மீ. உயரப் பெட்டியின் மேல் போல்ட் போட்டு நிறுத்தி, அதற்கும் கற்களுக்கும் நடுவே ஒரு தடுப்புப் பலகை வையுங்கள். கிரைண்டரின் சொரசொரப்பான தூள் ஒன்று நுண்கல்லில் விழுந்தாலும் வாயில் கோடு விழும். 6 அங்குல பெஞ்ச் கிரைண்டர் பொதுவாக நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஓடுவதால், உளி நொடியில் சூடேறும். முனை நீலமாக மாறினால் கார்பன் எஃகின் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். ஆகையால் பல் விழுந்த வாயைச் சீராக்க மட்டும் கிரைண்டரைப் பயன்படுத்துங்கள்; அடிக்கடி தண்ணீரில் தோய்த்தெடுங்கள். கண்ணாடி அணியாமலோ, கையுறை அணிந்தோ கிரைண்டர் முன் நிற்காதீர்கள். பொறி பறக்கும் வேலை என்பதால், மரத்தூள் இல்லாத வெறும் தரைக்கு மேசையை உருட்டிச் சென்ற பிறகே சுவிட்சைப் போட வேண்டும்.

கோணப் பலகை

உளியைக் கவ்விக்கொண்டு சிறு உருளையில் ஓடும் கோணப்பிடி மலிவாகவே கிடைக்கிறது. இரு பக்கமும் கவ்வும் வழக்கமான வகையில், பிடியிலிருந்து உளி 30 மி.மீ. நீண்டிருந்தால் 30 பாகை, 40 மி.மீ. நீண்டிருந்தால் 25 பாகை. இழைப்புளித் தகட்டுக்கு அவை முறையே 38 மி.மீ., 50 மி.மீ. மேல்பலகையின் விளிம்பிலிருந்து இந்த நான்கு தொலைவுகளிலும் சிறு கட்டைகளை ஒட்டிவிட்டால், ஒவ்வொரு முறையும் அளக்கத் தேவையில்லை. மேசையின் பாகங்களில் வேலையை மிகவும் எளிதாக்குவது இதுவே.

முதல் சாணை

உளியின் முதுகில் (சரிவில்லாத தட்டைப் பக்கத்தில்), வாயை ஒட்டிய 25 மி.மீ. பகுதியை மட்டும் தட்டையாகத் தேயுங்கள். பிறகு சரிவில் மார்க்கர் மை பூசி 1000 எண் கல்லில் (எண் கூடினால் கல் நுண்மையாகும்) நான்கைந்து முறை இழுத்துப் பாருங்கள். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. வாய் முனை வரை மை அழிந்ததும், முதுகுப்பக்கம் வாயை நோக்கி விரலை மெல்லத் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தொடர்ந்து இருந்தால்தான் அந்தக் கல்லின் வேலை முடிந்தது. இடையில் விட்டுப்போயிருந்தால் 6000 எண் கல்லுக்குப் போவதில் பயனில்லை. நுண்கல்லில் சரிவையும் முதுகையும் மாறிமாறித் தேய்த்துப் பிசிறை நீக்கி, மெருகேற்றும் குரோமியம் ஆக்சைடு பசை தடவிய தோலில், வாய் தோலுக்குள் இறங்காதபடி பின்னோக்கி மட்டும் இழுங்கள்.

கல் நடுவில் குழிந்தால் வாயும் வளையும். தடித்த கண்ணாடியின் மேல் 220 எண் வாட்டர் பேப்பரை நனைத்து விரித்து, கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, கோடுகள் முழுவதும் மறையும் வரை தேயுங்கள். கார்பரண்டம் கல்லுக்கு ஒருமுறை எண்ணெய் விட்டால் பிறகு தண்ணீர் ஏறாது. ஆகவே இரண்டில் ஒன்றை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். தண்ணீர்க் கல்லில் பிடித்த உளிகளை அன்றே துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக் கீழ்த்தட்டில் வையுங்கள்.