திண்ணையில் பேசி முடியாவிட்டால் அடுத்து என்ன? அதை முதல் நாளே எழுதிவிடுங்கள்

நன்னிலம் பக்கம் இரண்டு பேர் கூட்டாகக் கதிர் அறுக்கும் வண்டி வாங்கினார்கள். இரண்டு வருஷம் நன்றாக ஓடியது, மூன்றாவது சம்பா அறுப்பில் மணிக்கணக்கு நோட்டிலும் டீசல் பில்லிலும் தகராறு வந்தது. பிள்ளையார் கோயில் திண்ணையில் மூன்று முறை உட்கார்ந்து பேசினோம், நானும் இருந்தேன். ஒவ்வொரு முறையும் "அறுப்பு முடியட்டும் மாமா, பார்த்துக்கலாம்" என்று எழுந்துவிட்டார்கள். கடைசியில் வண்டி ஒரு பருவம் முழுக்கக் கொட்டகையில் நின்றது. பேச்சு முறிந்தால் யார் முடிவு சொல்வது என்று நாங்கள் யாருமே முன்கூட்டி எழுதி வைக்கவில்லை.

அதற்குத்தான் சமரசமும் நடுவர் தீர்ப்பும் சேர்ந்த வழி. முதலில் பேசுவது, பேசித் தீராததை மட்டும் நடுவர் தீர்ப்பது. நடுவர் மன்றம் டெல்டாக்காரர்களுக்குப் புதிதில்லை, பல வருஷம் பேசியும் தீராத காவிரித் தண்ணீருக்கு 1990-ல் அமைத்தது அதைத்தானே.

பணம், கூட்டுத் தொழில், வாடகை, கணக்கு இதெல்லாம் இந்த வழிக்குச் சரிப்படும். குற்ற வழக்கும் விவாகரத்தும் சரிப்படாது. சாகுபடிக் குத்தகைதாரரை வெளியேற்றும் விவகாரத்துக்கு 1955 குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி வருவாய் நீதிமன்றம் இருக்கிறது, அதையும் இதில் இழுக்காதீர்கள்.

அடுத்து ஒப்பந்தம். நடுவர் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது 1996 நடுவர் தீர்ப்பு, சமரசச் சட்டம், வாய்ச்சொல் நிற்காது. சமரசம் பேசுபவர் யார், எத்தனை நாள் பேசுவது (முப்பது நாள் தாராளம்), அதற்குள் முடியாதது எந்த நடுவரிடம் போகும், விசாரணை கும்பகோணத்திலா திருவாரூரிலா, தமிழில்தானா, செலவு யார் பொறுப்பு, எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நடுவர் ஒருவர் அல்லது மூவர், இரட்டைப்படையில் வைக்கச் சட்டம் விடாது.

இனி எனக்கு முக்கியமாகப் படுவது: சமரசம் பேசியவரே தீர்ப்பும் சொல்லலாமா? இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் சட்டத்தில் இடமுண்டு, செலவும் மிச்சம். ஆனாலும் வேண்டாம் என்பேன். நான் சொன்ன தகராறில் ஒருவர் என்னைத் தனியாக வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போய், "பதினோரு மணி நேரம் நோட்டில் ஏற்றலண்ணே, அதுக்கு உண்டானதைக் கொடுத்துடறேன்" என்றார். சமரசத்துக்கு அந்த ஒரு வார்த்தை போதும், அங்கிருந்தே கணக்கைப் பேசி முடித்திருக்கலாம். ஆனால் நாளைக்கு நானே தீர்ப்பு சொல்லப்போகிறேன் என்று தெரிந்திருந்தால் அவர் வாயே திறந்திருக்க மாட்டார், சொல்லியிருந்தாலும் இன்னொருத்தர் பதில் சொல்ல வாய்ப்பே இல்லாமல் அது என் மனசில் உட்கார்ந்து தீர்ப்பைச் சாய்த்திருக்கும். ஆகவே ஆள் வேறு வேறாக இருக்கட்டும். சமரசத்தில் பேசியது நடுவரிடம் போகாது என்று ஒரு வரியும் ஒப்பந்தத்தில் சேருங்கள். ஒரே ஆள்தான் கிடைக்கிறார் என்றால், தனித்தனியாகச் சந்திப்பதே கூடாது, எல்லாப் பேச்சும் இருவர் முன்னிலையில்தான் என்று எழுதுங்கள்.

சிறு தொழில் செய்பவர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பதிவு செய்த அரிசி ஆலைக்கு வாங்கியவர் பணம் பாக்கி வைத்தால் 2006 குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி அதற்கென உள்ள கவுன்சிலில் மனு போடலாம். கவுன்சில் முதலில் சமரசம் பேசும், ஆகாவிட்டால் தானே நடுவராகவும் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லியிருக்கிறது.

அப்புறம், சமரசம் கூடி வந்தால் கைகுலுக்கிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். நடுவர் விசாரணையைத் தொடங்கி, அதை நிறுத்தி வைத்துப் பேசினால், ஒத்துக்கொண்டதையே தீர்ப்பாகப் பதியச் சொல்லலாம், 1996 சட்டம் 30-வது பிரிவு. பின்னால் ஒருவர் பணம் தராமல் இழுத்தால் கோர்ட் டிகிரி (தீர்ப்பாணை) மாதிரி நிறைவேற்றலாம். தொகை, தவணைத் தேதி, வண்டி யாரிடம் நிற்கும் என்பதை அதில் தெளிவாக எழுதுங்கள். நிலப் பாகம் பிரிப்பதாக இருந்தால் முத்திரைத் தீர்வையும் சார்பதிவாளர் அலுவலகப் பதிவும் உண்டு, அதற்குப் பணம் யார் போடுவது என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.