ஊசி போட்டாச்சு, அதனால் அம்மை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்

"ஊசிதான் போட்டாச்சே, இது கொசுக்கடியாத்தான் இருக்கும்" என்று சொல்லிப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவதுதான் சின்னம்மை விஷயத்தில் இப்போது நடக்கிற பெரிய தவறு. தடுப்பூசி நன்றாகவே வேலை செய்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம், ஆனால் ஒரு தவணை மட்டும் போட்ட பிள்ளைகளில் சிலருக்குப் பிற்பாடு அம்மை வரத்தான் செய்யும். அமெரிக்காவில் 1995-இல் ஒரு தவணையோடு ஆரம்பித்தவர்கள், ஊசி போட்ட பிள்ளைகளிடையிலும் பள்ளிகளில் அம்மை பரவியதைப் பார்த்துத்தான் 2006-இல் அதை இரண்டாக்கினார்கள். நம் ஊரில் இது அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை, காசு கொடுத்துப் போடுவது என்பதால் இரண்டாவது தவணை சுலபமாக விட்டுப்போகும். தடுப்பூசி அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

அடுத்த தவறு, உடம்பு முழுக்க நீர்க் கொப்புளத்தைத் தேடுவது. ஊசி போடாத பிள்ளைக்குக் காய்ச்சலோடு 250 முதல் 500 கொப்புளம் வரை வரும். ஊசி போட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் 50-க்கும் குறைவுதான், அதுவும் சிவந்து தடித்த புள்ளிகளாகவே நின்றுவிடும், நீர் கோக்காமலே போகலாம், காய்ச்சலும் லேசாக இருக்கலாம் அல்லது இல்லாமலே போகலாம். அதனால் சட்டையைக் கழற்றி நல்ல வெளிச்சத்தில் முதுகு, நெஞ்சு எல்லாம் பாருங்கள், தலைமுடியை விலக்கி உச்சந்தலையையும் பாருங்கள். சட்டை மூடாத கை கால்களில் மட்டும் இருந்தால் கொசுவாக இருக்கலாம். உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள் என்று வந்தால் அது பெரும்பாலும் கை கால் வாய் நோய், விரலிடுக்கில் ராத்திரியில் அரிப்பு கூடினால் சிரங்கு. கடந்த 10 முதல் 21 நாளுக்குள் அம்மை போட்ட யாருடனாவது பிள்ளை இருந்ததா, வீட்டில் தாத்தா பாட்டிக்கு அக்கி வந்ததா என்றும் யோசியுங்கள், ஏனென்றால் அக்கியும் இதே கிருமிதான்.

ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்ததும் நிம்மதியாகிவிடுவதும் தவறு. ரத்தத்தில் புதுத் தொற்றுக்கான எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் சோதனை அது, ஊசி போட்டவர்களிடம் அதை நம்ப முடியாது. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் புள்ளியிலிருந்தே மாதிரி எடுத்து, கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர் சோதனை பார்க்க வேண்டும், நீர் இல்லாவிட்டாலும் புள்ளியைச் சுரண்டி எடுக்கலாம்.

பொருக்குத் தட்டும்வரை பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்பது சரி, ஆனால் நீர் கோக்காத புள்ளி பொருக்கே தட்டாது. அப்போது 24 மணி நேரம் புதுப் புள்ளி எதுவும் வராமல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புங்கள். புள்ளி குறைவாக இருந்தால் பரவுவதும் குறையும், அதற்காகப் பரவாது என்று அர்த்தமில்லை.

வேப்பிலை வைப்பது உங்கள் விருப்பம். ஆனால் ஆஸ்பிரின் கொடுக்கவே கொடுக்காதீர்கள், அது மூளையையும் ஈரலையும் தாக்கும் ரே நோயில் கொண்டுபோய் விடலாம். வீட்டில் அம்மையோ அதன் ஊசியோ கண்டிராத கர்ப்பிணியோ, பச்சைக் குழந்தையோ, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால் "அம்மைக்கு மருந்து கொடுக்கக் கூடாது" என்ற பேச்சைக் கேட்டுக் காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.