கிரூசேடர் கிங்ஸ் 3-இல் பாண்டிய வம்சம் உருவாக்கும்போது

அரச வம்சத்தை நடத்தி ஆடும் இந்தக் கணினி விளையாட்டில் புதிதாக ராஜாவை உருவாக்குகிற நம்ம நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் முதலில் வீரம், அறிவு, அழகு எல்லாவற்றையும் அள்ளிப் போடுகிறார்கள். ஒவ்வொரு குணத்துக்கும் புள்ளி செலவாகும்; மொத்தம் 400 புள்ளியைத் தாண்டினால் அச்சீவ்மென்ட் (கேம் தரும் சாதனைப் பதக்கம்) கிடைக்காது. அது போகட்டும், குறையே இல்லாத ராஜாவை வைத்து ஆடுவதில் சுவாரசியமும் இல்லை. ஒரு கெட்ட குணம் சேருங்கள். செலவழித்த புள்ளியும் கொஞ்சம் திரும்ப வரும். இரக்க குணம் கொடுத்துவிட்டுக் கைதியின் தலையை வெட்டினால் மன அழுத்தம் ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். மிச்சப் புள்ளியைப் பிள்ளைகளுக்கும் இறங்கக்கூடிய பிறவிக் குணத்தில் போடுவதுதான் லாபம்.

பெயருக்கு எங்கும் அலைய வேண்டாம். நம்ம ஊர்க் கோயில் கல்வெட்டுகளில் 'கோமாறபன்மர்', 'கோச்சடையபன்மர்' என்று வரும். மாறவர்மன், சடையவர்மன் என்ற இந்தப் பட்டங்களைப் பாண்டியர்கள் மாற்றி மாற்றிச் சூடினார்கள். குழந்தை பிறந்ததும் கேம் பெயர் கேட்கும். அப்பா மாறவர்மன் என்றால் மூத்தவனுக்குச் சடையவர்மன் என்று வையுங்கள், பத்துத் தலைமுறை ஆனாலும் வம்சப் பட்டியல் பார்க்க அழகாக இருக்கும். தென்காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் பெயரை இளைய கிளைக்கு ஒதுக்கலாம். சின்னத்துக்கு இரட்டைக் கயல், வேறென்ன!

அப்புறம் வாரிசு. ஆரம்பத்தில் நாடு பிள்ளைகளுக்குப் பங்காகப் பிரியும். பாண்டிய மன்னன் குலசேகரனின் மகன்கள் சுந்தரபாண்டியனும் வீரபாண்டியனும் 1310 வாக்கில் அடித்துக்கொண்ட கதைதான். மூன்றாவது மகன் பிறக்கும் முன்பே வாரிசுச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.