தொட்டிச் செடியிலிருந்து எம்பெடட் கற்கலாம்

எம்பெடட் கணினி (ஒரு கருவிக்குள்ளேயே அடங்கி அதை இயக்கும் சின்னக் கணினி) வடிவமைப்பு கற்க வேண்டும் என்றதும் பலர் ரோபோவில் கைவைக்கிறார்கள். வேண்டாம். சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வாசலில் நிற்கும் கறிவேப்பிலைத் தொட்டி போதும். மண் ஈரத்தை அளந்து, வைஃபையில் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டு, அடுத்த அரை மணி நேரம் தூங்கும் ஒரு சின்னப் பெட்டியைச் செய்யுங்கள். இந்தத் துறையின் முக்கியமான சிக்கல்கள் எல்லாம் அதிலேயே தலைகாட்டிவிடும்.

தேவையானவை: இஎஸ்பி32 டெவ்போர்டு (வைஃபை உள்ள சிப் பொருத்திய சோதனைப் பலகை) 1, கெபாசிட்டிவ் ஈர சென்சார் (உலோகம் மண்ணைத் தொடாத வகை) 1, பிரெட்போர்டு (பற்றவைக்காமல் ஒயர் செருகும் துளைப் பலகை) 2, 470 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் (சிறிது மின்சாரத்தைச் சேர்த்து வைத்துத் தரும் பாகம்) 1, ஜம்பர் ஒயர்கள், மல்டிமீட்டர். உதிரி பாகங்களுக்கு ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவருக்குப் போங்கள். அருகிலுள்ள சிம் லிம் ஸ்குவேர் வேறு கட்டடம், கணினிக் கடைகள் இருக்கும் இடம். இரண்டு உலோக முள் கொண்ட மலிவு சென்சாரை வாங்காதீர்கள். ஈர மண்ணில் மின்சாரம் பாயப் பாய முள்ளின் உலோகம் அரித்துப்போகும், அளவும் பிசகும்.

பிரெட்போர்டு இரண்டு எதற்கு? டெவ்போர்டு அகலமானது. ஒன்றில் செருகினால் ஒயர் குத்த ஒரு பக்கம் துளையே மிஞ்சாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடுவில் பாலம்போல் செருகுங்கள்.

சென்சாரின் கிரவுண்டை (GND, பூஜ்ய வோல்ட் முனை) போர்டின் கிரவுண்டோடும், சிக்னலை 34 என்று குறித்த பின்னோடும் (பின் என்பது போர்டின் ஓரத்தில் நீட்டியிருக்கும் இணைப்பு ஊசி) இணையுங்கள். வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதிக்கு ஏடிசி என்று பெயர், சிப்பில் அப்படி இரண்டு உண்டு. 34 ஏடிசி1இல் இருக்கிறது. ஏடிசி2 பின்களை வைஃபை ஓடும்போது நம்ப முடியாது. சென்சாருக்கான மின்சாரத்தை 25ஆம் பின்னிலிருந்தே கொடுக்கலாம், அதற்குச் சில மில்லிஆம்ப் போதும். பின்னை ஆன் செய்து, 200 மில்லிசெகண்ட் பொறுத்து, 16 முறை படித்துச் சராசரி எடுத்துவிட்டு ஆஃப் செய்யுங்கள். 5 வோல்ட் சிக்னலை எந்தப் பின்னிலும் கொடுக்காதீர்கள். இந்தச் சிப் தாங்குவது 3.3 வோல்ட்தான்.

டெவ்போர்டைச் செருகியும் கணினியில் அதற்கான யுஎஸ்பி போர்ட் (இணைப்பு) தெரியவில்லையா? முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில யுஎஸ்பி கேபிள்கள் சார்ஜ் மட்டுமே செய்யும்.

இனி, புதியவர்களை நாள்கணக்கில் அலைக்கழிக்கும் கோளாறு. சென்சார் ஒழுங்காகப் படிக்கும், வைஃபை தொடங்கியதும் போர்டு ரீசெட் ஆகும். சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்பும் செய்திகளைக் கணினியில் காட்டும் சாளரம்) 'பிரவுன்அவுட் டிடெக்டர்' என்று ஒரு வரி வரும், வோல்டேஜ் சரிந்துவிட்டது என்று அர்த்தம். காரணத்தைப் புரோகிராமில் தேடாதீர்கள். வைஃபை அனுப்பும் கணத்தில் மின்னோட்டம் சில நூறு மில்லிஆம்ப் வரை தாவுகிறது. மெல்லிய கேபிளும் தளர்ந்த பிரெட்போர்டு துளையும் அதைத் தாங்காமல் வோல்டேஜ் சரிகிறது. சரிவு மிகக் குறுகியது என்பதால் மல்டிமீட்டர் காட்டாது. 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை 3.3 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே, போர்டை ஒட்டி வையுங்கள். கோடு போட்ட பக்கம் கிரவுண்டுக்கு. ரீசெட் நின்றால் குற்றவாளி மின்சாரம்தான்.

அளவு திருத்தம்: காய்ந்த மண்ணில் ஓர் எண், தொட்டியின் அடியில் தண்ணீர் சொட்டும்வரை ஊற்றியபின் ஓர் எண், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். காய்ந்த மண்ணுக்கே பெரிய எண் வரும், பயப்பட வேண்டாம். சென்சாரில் போட்டிருக்கும் கோட்டுக்கு மேல் மண் ஏறக்கூடாது. சென்சார் பலகையின் வெட்டிய ஓரங்களில் நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு பூசுங்கள், ஈரம் உள்ளே ஏறுவது அந்த வழியாகத்தான்.

பேட்டரிக்குப் போகுமுன் கணக்குப் போடுங்கள். ஆழ்தூக்கத்தில் சிப் சுமார் 10 மைக்ரோஆம்ப்தான் எடுக்கும். ஆனால் போர்டிலுள்ள விளக்கும் ரெகுலேட்டரும் (வோல்டேஜை 3.3க்குச் சீராக்கும் பாகம்) யுஎஸ்பி சிப்பும் தூங்குவதில்லை. மொத்தம் 5 மில்லிஆம்ப் என்றால் நாளுக்கு 120 மில்லிஆம்ப்-மணி. 2500 மில்லிஆம்ப்-மணி பேட்டரி மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். பல போர்டுகளில் உள்ள 1117 வகை ரெகுலேட்டருக்கு உள்வரும் வோல்டேஜ் வெளிவருவதைவிட ஏறக்குறைய 1 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரியிலிருந்து அதனால் 3.3 தர முடியாது. டிராப்அவுட் (இந்தக் கூடுதல் வோல்டேஜ் தேவை) குறைவான, 500 மில்லிஆம்பாவது தரும் ரெகுலேட்டர் உள்ள போர்டாகப் பாருங்கள்.

பிரெட்போர்டில் ஒரு வாரம் தடங்கலின்றி ஓடியபின் கீகேட் (KiCad) மென்பொருளில் பிசிபி (பாகங்களைப் பற்றவைக்கும் மின்சுற்றுப் பலகை) வரையுங்கள். ஆன்டெனாவுக்கு அடியில் எந்த அடுக்கிலும் செம்பு இருக்கக்கூடாது, இருந்தால் வைஃபை எட்டும் தூரம் குறுகிவிடும். பெட்டியின் ஒயர் துளையை அடிப்பக்கம் போடுங்கள். தாழ்வாரத்தில் மழைச்சாரல் பக்கவாட்டில்தான் அடிக்கும்.