ரீலுக்கு எங்கே எண்ணெய், எங்கே கிரீஸ்?

என்னிடம் வரும் மீன்பிடி ரீல்களில் நிறைய, கோவளத்திலும் பழவேற்காட்டிலும் உப்புக் காற்று குடித்தவை. "டபிள்யூடி-40 அடிச்சுட்டுத்தான்ணே இருக்கேன்" என்பார்கள். துருப்பிடித்த ஸ்க்ரூவைக் கழற்ற அது நல்ல சரக்குதான். ஆனால் கியரில் இருக்கிற கிரீஸையும் கரைத்து ஓடவிட்டுவிடும். தேங்காயெண்ணெய் அதைவிட மோசம்; நாள்பட்டால் சிக்குப்பிடித்துப் பிசினாகிவிடும்.

பல்லோடு பல் உரசும் இடத்துக்கு கிரீஸ், லேசாகச் சுழலும் இடத்துக்கு எண்ணெய். இதுதான் கணக்கு.

மெயின் கியருக்கும் அதோடு சேரும் சின்ன கியரான பினியனுக்கும் தண்ணீரில் கழுவிப் போகாத மரைன் கிரீஸ், என்.எல்.ஜி.ஐ. 2 கெட்டியில் (கிரீஸின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண் அது) வாங்குங்கள். கால்சியம் சல்ஃபோனேட் வகை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஏரி, ஆற்று மீனுக்கு மட்டும் போகிறவர்களுக்கு லித்தியம் கிரீஸே போதும். பழையதைத் துடைத்தெடுத்த பிறகே புதியதைப் போடுங்கள். சில வகை கிரீஸ்கள் ஒன்றோடொன்று சேர்ந்தால் இளகி ஓடிவிடும். சின்ன பிரஷ்ஷால் பல் முழுக்க மெல்லிசாகத் தடவினால் சரி. பெட்டி நிறைய அப்பினால் கைப்பிடி கனக்கும்.

கைப்பிடி பின்னால் சுற்றாமல் பிடிக்கும் கிளட்ச் இருக்கிறதே, அதில்தான் பலரும் கிரீஸை அள்ளி வைக்கிறார்கள். கைப்பிடியைச் சுற்றினால் லைனைச் சுற்றும் ரோட்டரைக் கழற்றினால் தெரியும்: நடுவில் ஒரு ஸ்லீவ், அதைச் சுற்றி ஊசி மாதிரி சின்னச் சின்ன உருளைகள், ஒவ்வொன்றையும் தள்ளி நிற்கும் ஸ்பிரிங். கிரீஸ் பட்டால் அந்த உருளைகள் பிடிக்காமல் வழுக்கும். கொடுவா கடித்து நீங்கள் ராடை வெடுக்கென்று இழுக்கும் நேரத்தில் கைப்பிடி பின்னால் ஓடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவிக் காயவைத்து, ஸ்லீவ் மேல் மெல்லிய எண்ணெயை விரல் நுனியால் தடவித் துடைத்துவிடுங்கள். பளபளப்பு தெரிந்தால் போதும், ஈரம் தெரியக்கூடாது.

லைன் உருண்டு வரும் சின்னச் சக்கரமான லைன் ரோலர்தான் முதலில் சாகும். ஒவ்வொரு சுற்றிலும் உப்புத் தண்ணீர் அதன் மேல்தான் ஏறுகிறது. லைனை அதன்மேல் வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். ரோலர் சுற்றாமல் லைன் மட்டும் வழுக்கினால் பேரிங் இறுகிவிட்டது. கடலுக்குப் போய்வந்து கழுவிக் காயவைத்ததும் ஒரு சொட்டு ரீல் எண்ணெய் விடுங்கள். அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை. டைவாவின் மேக்சீல்ட் வகை என்றால் அந்த இடத்தில் ஒன்றும் விடாதீர்கள், உள்ளே இருக்கும் காந்த எண்ணெய் கெட்டுவிடும்.

மீன் இழுக்கும்போது லைனை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக்தான் டிராக்; அதன் வாஷருக்குத் தனியாக டிராக் கிரீஸ் விற்கிறது, அதையே வாங்குங்கள். கார்பன் வாஷரில் மெல்லிய பூச்சு, ஃபெல்ட் (கம்பளி மாதிரி துணி) என்றால் நன்றாக ஊறவைத்து மிச்சத்தைத் துடைக்க வேண்டும். சாதா கிரீஸ் போட்ட டிராக் சீராக விடாது, வெட்டி வெட்டி விடும். பெரிய பாறை மீன் ஓடும்போது லைன் அறுவது அப்படித்தான்.

அப்புறம், கழுவும்போது டிராக்கை இறுக்கிவிட்டு மெல்ல ஓடும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். காய்ந்ததும் தளர்த்தி வையுங்கள், வாஷர் நசுங்காமல் இருக்கும்.