தோல் ஸ்லைடில் கிரானுலோமாவா? நரம்பைத் தேடுங்கள்

தோல் பயாப்சி ஸ்லைடு கைக்கு வந்ததும் நேரே 40 எக்ஸ் லென்ஸுக்குத் தாவாதீர்கள். 4 எக்ஸில் தொடங்குங்கள். மேல்தோலுக்கும் அடிக்கொழுப்புக்கும் இடையே, டெர்மிஸில், வெளிறிய இளஞ்சிவப்புத் திட்டுகளும் அவற்றின் ஓரத்தில் நீலப் புள்ளிகளாக லிம்போசைட்டுகளும் (ஒருவகை வெள்ளையணுக்கள்) தெரிகின்றனவா? அந்தத் திட்டுகள் உருண்டையா, நீளமா, எந்த ஆழத்தில் இருக்கின்றன என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

அப்புறம் 40 எக்ஸ். செருப்பின் அடித்தடம் போல நீண்டு வெளிறிய உட்கரு, ரோஜா நிற சைட்டோபிளாசம், ஒன்றோடொன்று கலந்து எல்லை தெரியாத செல்கள்: இவைதான் எபிதீலாய்டு செல்கள். இவை திரண்டிருந்தால் அது கிரானுலோமா. குதிரை லாட வடிவில் உட்கருக்கள் அடுக்கிய லாங்ஹான்ஸ் ராட்சதச் செல்லைப் பார்த்தவுடன் காசநோய் என்று எழுதிவிடக் கூடாது. தொழுநோயிலும், சார்காய்டோசிஸ் என்ற காரணம் தெரியாத அழற்சி நோயிலும் அது வரும்.

இனி வகை பிரிக்க வேண்டும். நடுவில் கேசியஸ் நசிவு, அதாவது பாலாடைக்கட்டி போல உதிர்ந்து இறந்த திசு, இருந்தால் காசநோயை நினையுங்கள். கிரானுலோமா சுற்றிலும் லிம்போசைட் குறைவாக, மொட்டையாக நின்றால் சார்காய்டோசிஸ். சிதைந்த கொலாஜன் நார்களையும் மியூசின் என்ற கூழ்ப்பொருளையும் ஹிஸ்டியோசைட்டுகள் (திசுவில் இருக்கும் விழுங்கு செல்கள்) வேலி போல வளைத்திருந்தால் கிரானுலோமா அன்யூலரே என்ற தோல் நோய். நடுவே நியூட்ரோஃபில்கள் (சீழில் நிறைந்திருக்கும் வெள்ளையணுக்கள்) குவிந்திருந்தால் பூஞ்சையைத் தேடுங்கள். குரோமோபிளாஸ்டோமைக்கோசிஸ் என்ற பூஞ்சை நோயில் செப்புக்காசு போன்ற பழுப்பு உருண்டைகள் சிறப்புச் சாயம் இல்லாமலே கண்ணில் படும்.

திட்டுகள் நீளமாக, நரம்பும் ரத்தக்குழாயும் போகும் வழியே ஓடினால் நிதானியுங்கள். டியூபர்குலாய்டு தொழுநோய், அதாவது கிருமி குறைவாக இருக்கும் வகை, இப்படித்தான் இருக்கும். தோல் நரம்பு குறுக்குவெட்டில் சிறு வட்டமாகவும் நெடுவெட்டில் அலை அலையாகவும் தெரியும். அதற்குள் லிம்போசைட்டுகள் நுழைந்திருக்கின்றனவா, கிரானுலோமா அதை விழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஆரம்பத்தில் நான் டெர்மிஸின் மேல்பாதியோடு நிறுத்திக்கொண்டு, வியர்வைச் சுரப்பிகளுக்கு அருகே சிதைந்து கிடந்த நரம்பைத் தவறவிட்டேன். ஸ்லைடின் அடிவரை பார்க்கும் பழக்கம் அன்று வந்தது. நரம்பே கண்ணில் படாவிட்டால் நரம்புச் செல்களைக் காட்டும் எஸ்-100 சாயம் கேளுங்கள். மிச்சத் துண்டுகளைக் காட்டிக்கொடுக்கும்.

கிருமியைத் தேட, காசநோய்க் கிருமிக்குப் போடும் சாதாரண ஜீல்-நீல்சன் சாயம் மட்டும் போதாது. தொழுநோய்க் கிருமி அமிலத்தில் எளிதில் நிறம் இழந்துவிடும். ஃபைட் சாய முறையில் மெழுகை நீக்கும்போது சைலீனோடு கடலை எண்ணெய் சேர்ப்பார்கள். கிருமியின் கொழுப்புறையை அது காக்கிறது, அமிலமும் வீரியம் குறைந்தது. எண்ணெய் லென்ஸில் பொறுமையாகத் தேடுங்கள். டியூபர்குலாய்டு வகையில் கிருமி அரிது என்பதால், கிடைக்கவில்லை என்பதை வைத்து நோயே இல்லை என்று சொல்ல முடியாது. பூஞ்சைக்கு பிஏஎஸ் சாயம், தோலுக்குள் புகுந்த அந்நியப் பொருளுக்குப் போலரைஸ்டு ஒளி, இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் முன் தோல் மருத்துவரிடம் பேசுங்கள். பயாப்சி எடுத்த தேமலில் பஞ்சால் தொட்டால் நோயாளிக்கு உணர்ச்சி தெரிகிறதா என்று கட்டாயம் கேளுங்கள்; நரம்பு சிதைந்த தொழுநோயில் அது மங்கியிருக்கும்.